பட்டிக்கு அடியில்: பழைய கார் வாங்கும்முன் எங்கே, எப்படிப் பார்ப்பது

என் முதல் அம்பாசிடரின் இடது ரன்னிங் போர்டை அறுத்தபோது உள்ளே இருந்து செய்தித்தாள் வந்தது. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடும் பகுதி அது. அங்கே தகடு துருப்பிடித்துக் கொட்டியிருந்தது. யாரோ ஓட்டைக்குள் தாளைத் திணித்து, மேலே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து வெண்ணெய் மாதிரி வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். தாளில் 1998 ஜூலை என்று தேதி தெளிவாகத் தெரிந்தது. எனக்கு விற்றவர் அந்த வண்டியை வாங்கியது 2004இல். "துருவே கிடையாதுங்க" என்று அவர் சொன்னது பொய்யில்லை, அவருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து பழைய வண்டி பார்க்கப் போகும்போது நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுவது. நம் ஊரில் முதன்முதலாகப் பழைய வண்டி ஆசை பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஒரு கோளாறைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, இது எங்கிருந்து வந்தது என்பது. வயதினால் வந்ததா, தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வந்ததா, இல்லை நடுவில் யாரோ கைவைத்துக் கெடுத்ததா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

போவதற்கு முன்

பகலில் போங்கள். மழை பெய்து நனைந்த வண்டியையும் அப்போதுதான் கழுவிய வண்டியையும் பார்க்காதீர்கள், ஈரம் எல்லாப் பெயிண்டையும் புதிதாகக் காட்டும். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க, அதுவரை வண்டி ஆறியே இருக்கட்டும்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறுவதை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

கையில் ஒரு டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, மெல்லிய துணியில் சுற்றிய ஃபிரிட்ஜ் காந்தம், ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரித்துப் படுக்கப் பழைய பாய், ஒரு நோட்டு. துணி சுற்றுவது பெயிண்டில் கீறல் விழாமலிருக்க. அடுத்தவர் வண்டி அது, அந்த மரியாதை வேண்டும்.

ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பெட்ரோல் அம்பாசிடரை டீசலுக்கு மாற்றியது, எல்பிஜி கிட் போட்டது எல்லாம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை அதிகாரி முன் நிறுத்தியாக வேண்டும். சேஸிஸ் எண் இருக்கும் தகட்டைச் சுற்றிப் புது வெல்டிங் தெரிந்தால் மேற்கொண்டு ஒன்றும் பார்க்க வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பத்தடி தள்ளி நின்று

வண்டியின் பின்மூலையில் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் ஒரு கண்ணை ஓட்டிப் பாருங்கள். எதிரே இருக்கும் மின்கம்பம், சுவர்க்கோடு, மரக்கிளை எல்லாம் தகட்டில் பிரதிபலிக்கும். அந்தப் பிம்பம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே டிங்கரிங், அதாவது தகடு நிமிர்த்தும் வேலை, நடந்திருக்கிறது. பிறகு வண்டியைச் சுற்றி நடந்து பெயிண்ட் நிறத்தை ஒப்பிடுங்கள். கதவுக்கும் மட்கார்டுக்கும் நிறம் லேசாக மாறினால் நோட்டில் குறியுங்கள், இப்போதைக்கு முடிவு எதுவும் வேண்டாம்.

காந்தம் சொல்வது

காந்தத்தைக் கூரையில் வைத்துப் பாருங்கள். கூரையில் அடிபடுவது குறைவு, பட்டியும் அங்கே குறைவாகத்தான் இருக்கும். அந்த இழுப்பின் வலு கைக்குப் பழகட்டும். அதே காந்தத்தை ரன்னிங் போர்டின் மீது நீளவாக்கில் நகர்த்துங்கள். பிறகு கதவின் அடி நான்கு விரல் உயரம், பின்சக்கர வளைவின் உதடு, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம், டிக்கியின் அடிவிளிம்பு. பிடி தளரும் இடத்தில் பட்டி தடித்திருக்கிறது. காந்தம் நழுவி விழுந்தால் அங்கே தகடே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். மேலே ஒரு முறை திரும்ப அடித்திருந்தால் 200, 300 என்று காட்டும். 500ஐத் தாண்டினால் பட்டி. 1000க்கு மேல் போனால் அடிபட்ட தகட்டை நிமிர்த்தாமல் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: 40 வயதான வண்டியில் ஓர் இடத்தில்கூடப் பட்டி இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மெலிதாக, நிமிர்த்திய தகட்டின் மேல் கடைசிப் பூச்சாகப் போட்ட பட்டி நல்ல வேலை. ஓட்டையை மூடப் போட்ட பட்டிதான் ஏமாற்று.

விரல் முட்டியால் தட்டியும் பார்க்கலாம். தகடு கணீரென்று பேசும், பட்டி பொத்தென்று சொல்லும்.

கம்பெனிக் கோணலா, கைக் கோணலா

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அம்பாசிடர் 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்தைக் கொண்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். பத்மினி, ஃபியட் 1100இன் வழியில் பம்பாய் குர்லாவில் செய்யப்பட்டது. வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் மக்கள் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. எப்படிச் செய்தாலும் விற்றுவிடும் என்ற நிலையில் வேலையில் அக்கறை எப்படி இருந்திருக்கும்? கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே பட்டறைக்கு ஓட்டிப் போய்ச் சரிசெய்தவர்களை எனக்கே தெரியும்.

ஆக இந்த வண்டிகளில் கோணலைப் பார்த்ததும் விபத்து என்று சொல்லிவிட முடியாது. கோயமுத்தூரில் 50 வருடம் டிங்கரிங் செய்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது: "பாரு கண்ணு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோணலா இருந்தா அது கம்பெனிக் கோணல். ஒரு பக்கம் மட்டும் இருந்தா எவனோ கை வச்சிருக்கான்." இடது முன்கதவின் கீழ் இடைவெளியில் உங்கள் சுண்டுவிரல் போகிறதா? வலது பக்கமும் போகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் போனால் அதோடு வாழலாம். ஒன்றில் போகிறது, இன்னொன்றில் நகம்கூட நுழையவில்லை என்றால் இரு பக்கமும் கதவைத் தாங்கும் தூணையும் தரையையும் சோதியுங்கள்.

அவர் சொன்னதோடு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. மாருதி 800 சுஸுகி முறையில், குர்கானில், அச்சில் வார்த்தாற்போல் ஒரே சீராகச் செய்யப்பட்ட வண்டி. அதில் சீரின்மை தெரிந்தால் அதுவே சாட்சி. அம்பாசிடரில் தலைகீழ்: சீர்தான் சந்தேகத்துக்கு உரியது. ரன்னிங் போர்டு கத்திவிளிம்பு மாதிரி நேராக, எங்கும் ஒரு நெளிவும் இல்லாமல் ஓடுகிறதென்றால், ஒன்று யாரோ லட்சங்களைக் கொட்டிப் புதுத் தகடு போட்டிருக்க வேண்டும், இல்லை அது முழுக்கப் பட்டி. முதலாவது என்றால் உரிமையாளரிடம் போட்டோ இருக்கும். அவ்வளவு செலவு செய்த எவரும் போட்டோ எடுக்காமல் இருப்பதில்லை. கேளுங்கள், ஆசையாகக் காட்டுவார்.

தொழிற்சாலைப் பெயிண்டின் உண்மை நிறம் தெரிய வேண்டுமானால், மறு பெயிண்ட் அடிப்பவர் கைநீட்டச் சோம்பல்படும் இடங்களுக்குப் போங்கள். டேஷ்போர்டின் அடிப்பக்கம், பின்சீட்டைத் தூக்கினால் தெரியும் தகடு, டிக்கி விரிப்புக்கு அடியில், டெயில் லைட்டைக் கழற்றினால் உள்ளே. அங்கே வேறு நிறம் இருந்தால் வண்டி நிறம் மாறியிருக்கிறது. ஆர்சியில் என்ன நிறம் என்று திரும்பப் பாருங்கள். ரப்பர் பீடிங்கை நகத்தால் லேசாக நெம்பினால் அதன் அடியில் பெயிண்ட் ஓரம் கட்டி நிற்பது தெரியும். ரப்பரைக் கழற்றாமல் அவசரமாக அடித்த வேலை அது.

வெல்டிங்கை வாசிப்பது

தொழிற்சாலையில் இரண்டு தகடுகளைச் சேர்ப்பது பெரும்பாலும் ஸ்பாட் வெல்டிங், புள்ளி புள்ளியாகப் பற்ற வைப்பது. கதவைத் திறந்து ரப்பரை விலக்கினால் விளிம்பில் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும், அம்மை வடு மாதிரி. பானட்டைத் திறந்து இருபக்க ஏப்ரன் தகட்டிலும் (இன்ஜினுக்கு இருபுறமும் உள்ள உள்தகடு) அந்த வரிசையைத் தேடுங்கள். வரிசை திடீரென்று நின்று, அதற்குப் பதில் கம்பளிப்பூச்சி மாதிரி நீளமான வெல்டிங் பற்றுக் கோடு தொடங்கினால் அங்கே தகடு மாற்றப்பட்டிருக்கிறது. மஞ்சள் நிறக் கோடு தெரிந்தால் பித்தளைப் பற்று. அலங்காரத் தகட்டுக்கு அது பரவாயில்லை, பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் மாருதி 800க்கும் லாரிக்கு இருப்பது போலத் தனி சேஸிஸ் கிடையாது. உடம்புதான் சேஸிஸ். ரன்னிங் போர்டும் தரையும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே "அடியில கொஞ்சம் துரு, தகடு வச்சு பத்து போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், முதுகெலும்பைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பழைய கார் இதற்கு விதிவிலக்கு, அதற்குத் தனி சேஸிஸ் உண்டு.

பானட் கீல் போல்ட்டுகளையும் மட்கார்டு போல்ட்டுகளையும் பாருங்கள். தலையில் பெயிண்ட் உடைந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். பதில் நேராக வந்தால் நல்லது.

கதவு, தரை, அடிவயிறு

ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவு ஆடும், அது வயது, சரிசெய்துவிடலாம். கதவோடு சேர்ந்து தூணே அசைந்தால் அது தூணின் அடி அழுகல். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலோ பிறகு வந்த பெயிண்டரோ அவற்றை அடைத்துவிட்டிருந்தால், மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கதவு உள்ளிருந்து அழுகும்.

கால்மிதியைத் தூக்குங்கள். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால், எதை மூடப் பூசினார்கள் என்று தெரிய வேண்டும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் தெரிந்துவிடும்.

பிறகு பாயை விரித்துப் படுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் மேடையோ பள்ளமோ உள்ள சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பின்பக்க ஸ்பிரிங் உடம்போடு சேரும் இடங்களைப் பாருங்கள். அங்கே ஒட்டுத் தகட்டின் மேல் ஒட்டுத் தகடு இருந்தால் வேண்டாம். கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகள்) மண்ணும் பெயிண்டும் அடைத்துக் கிடந்தால், அந்த வண்டிக்கு வருடக்கணக்கில் யாரும் கிரீஸ் அடிக்கவில்லை.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் என்று கடலோரம் வாழ்ந்த வண்டிக்கு இந்தச் சோதனையை இரண்டு மடங்கு செய்யுங்கள். வெள்ளம் பார்த்த வண்டிகளும் சந்தையில் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எவ்வளவு வண்டிகள் முழுகின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சீட்டின் அடிக்கம்பியில் ஒரே மட்டத்துக்குத் துரு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வண்டல் கோடு, டேஷ்போர்டுக்குள் காய்ந்த சேறு ஆகியவை அடையாளங்கள்.

பானட்டுக்குள்

முதலில் வயரிங். பழைய வண்டிகளில் உயிருக்கு ஆபத்தான வேலைகளில் பாதி இங்கேதான் நடந்திருக்கிறது. ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். கண்ணாடி ஃபியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ சுற்றியிருந்தால், ஏதோ ஒரு இடத்தில் ஷார்ட் இருந்து, அதைத் தேடாமல் காவலாளியைக் கொன்றிருக்கிறார்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை எண்ணுங்கள். ஐந்தாறு என்றால் பகுதி வேலை, இருபது என்றால் முழு வயரிங்கும் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். தண்ணீர் மஞ்சளாக, குழம்பின் அடிமண்டி மாதிரி இருந்தால் முகர்ந்து பாருங்கள். ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் போடுவது நம் ஊர் பழைய கைவைத்தியம். நடுவழியில் ஊர் போய்ச் சேர அது உதவும். அதோடு வருடக்கணக்கில் ஓட்டினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும். பெட்ரோல் டேங்க் ஒழுகலுக்குச் சோப்பு தேய்ப்பதும் இந்த வகைதான். டேங்கின் அடியில் சோப்புக் காய்ந்த தடம் தெரிகிறதா பாருங்கள். கியர் பாக்ஸின் இரைச்சலை அடக்க மரத்தூள் கலந்த எண்ணெய் ஊற்றுபவர்களும் உண்டு. அங்கே எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்தால் நார் தட்டுப்படும்.

பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசிடரின் அடியில் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் விழுந்தால் பயப்படாதீர்கள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கிராங்க் தண்டின் பின்முனையில் இப்போதைய வண்டிகளில் இருப்பது போன்ற ரப்பர் சீல் அந்த வடிவமைப்பில் இல்லை. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுப்பள்ளம்தான். அது கொஞ்சம் கசியும். சொட்டாக விழாமல் கோடாக ஒழுகினால்தான் கோளாறு.

ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப்புகை எண்ணெய் எரிவது. கறுப்பு, பெட்ரோல் அதிகம் போவது, பெரும்பாலும் கார்புரேட்டர் வேலைதான். நிற்காமல் வரும் வெள்ளைப்புகையும் ரேடியேட்டரில் குமிழியும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கு மேல் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. முடிந்தால் ஒரு மெக்கானிக்கை வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், குறைந்த சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு கோளாறு. எப்போதாவது போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) போட்டிருக்கிறார்களா, எத்தனை ஓவர்சைஸ் பிஸ்டன் என்றும் கேளுங்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்ட பிளாக்கில் இனி ஸ்லீவ் (உள்ளே செருகும் புது உருளை) போடுவதுதான் வழி.

ஓட்டிப் பார்க்கையில்

வண்டியை எடுக்கும் முன்பே பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது? ஒரு பக்கமாகவே இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குள் கசிவோ அடைப்போ இருக்கலாம். பின்னால் ஒரு நண்பரை நிற்கச் சொல்லி, நேராக ஓட்டிப் போங்கள். முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் விலகி, வண்டி நண்டு மாதிரி சாய்வாகப் போவதாக அவர் சொன்னால், அது கம்பெனிக் கோணல் இல்லை.

விலை பேசும்போது

நோட்டில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள். தண்ணீர் ஒழுகும் ரப்பர், கோணல் கதவு இடைவெளி போன்ற தொழிற்சாலைக் குறைகளுக்கு விலையைக் குறைக்கக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை, எல்லா அம்பாசிடரிலும் அது உண்டு. டயர், கீல், ஷாக் அப்சார்பர் எல்லாம் வயது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மூன்றாவது வகை, மறைத்த வேலை. அதில் ரன்னிங் போர்டு, ஸ்டியரிங், பிரேக், ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும், வெளியே தெரிவதைப் போல இரண்டு மடங்கு உள்ளே இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. பாகங்களுக்குக் கவலை வேண்டாம், சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. நல்ல டிங்கர் கிடைப்பதுதான் அரிது, வண்டி தேடும்முன் அவரைத் தேடிவிடுங்கள்.

வாங்கிய பின் எதை முதலில் பிரிப்பது

பெயிண்டைத் தொடாதீர்கள். பிரேக் ரப்பர்கள், பெட்ரோல் ஹோஸ், வயரிங், அடுத்துத் தகடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறம்.

ரன்னிங் போர்டை அறுக்க வேண்டி வந்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுக்க விடாதீர்கள். வண்டியைச் சமதளத்தில், நான்கு இடத்தில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, கதவு வாசலின் குறுக்கே இரும்பு ஆங்கிளைத் தற்காலிகமாகப் பற்று வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அறுக்கும் முன் ஒவ்வொரு கதவு இடைவெளியையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இடது பக்கம் புதுத் தகடு போட்டு, வெல்டிங் ஆறி, ஆங்கிளை எடுத்த பின் அளவுகளை மறுபடி ஒத்துப் பாருங்கள். கதவை மூடிப் பாருங்கள். பழையபடி ஒரே சத்தத்தில் மூடினால் வலது பக்கத்துக்குப் போகலாம்.